இரண்டு பேர் வசிக்கும் வீடு

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணி,

உறையின் மேல் என் பெயரைப் பார்த்துவிட்டுப் பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள். கடிதம் உங்களுக்குத்தான். போன மாதம் வந்ததை அண்ணன், "அவ பேரு போட்டிருக்கு, அவளே வந்து பிரிக்கட்டும்" என்று ஒன்பது நாள் அலமாரியில் வைத்திருந்தானாம். அவன் நேர்மைக்கு ஒரு கும்பிடு.

எதற்காக இந்தக் கூத்து என்று போனில் மறுபடி கேட்டீர்கள். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்ததால் சரியாகச் சொல்ல முடியவில்லை. எக்ஸ்ரே படிப்பு நான்கு வருஷத்துக்கும் மாநில அரசு செலவு செய்தது. பதிலுக்கு நான் நான்கு வருஷம் இந்த மாநிலத்துக்குள் வேலை பார்க்க வேண்டும், மாநிலத்துக்குள்ளேயே குடியிருக்கவும் வேண்டும். தவறினால் படிப்புச் செலவு முழுவதும் கடனாக மாறும். வேலையில் ஒரு குறையும் இல்லை. கை, கால், விலா என்று எல்லா எலும்பையும் இந்த மாநிலத்தில்தான் படம் எடுக்கிறேன். தூங்குவது மட்டும் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம்.

அதையும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆஸ்பத்திரியைச் சுற்றி நான் பார்த்த அறைகள் எல்லாமே ஈரச்சுவர். ஒரு வீட்டுக்காரம்மா நான் எத்தனை வாளி தண்ணீர் பிடிக்கிறேன் என்று படியில் உட்கார்ந்து எண்ணினார். பாலத்தைத் தாண்டினால் மூன்றாவது மாடி, இரண்டு நர்ஸுகளோடு சேர்ந்து நல்ல வீடு, வேலைக்கு நடந்தே பதினான்கு நிமிஷம். ஆனால் அது வேறு மாநிலம். அதனால்தான் உங்கள் வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன். ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் என்பதால் தினமும் போய் வருகிறேன் என்றால் நம்புவார்கள். அங்கே என் பெயருக்கு வருஷத்துக்கு ஆறு தபாலாவது வர வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை திட்ட அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்ப்பார். இந்த வருஷம் புது ஆளாம், இந்த மாதமே வருவாராம்.

சின்ன அறையை ஆள் இருக்கிற அறை மாதிரி கொஞ்சம் கலைத்து வையுங்கள். நான்கில் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. மீதியையும் தள்ளிவிட்டால் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

உங்கள் நாத்தனார்

&nbsp;

பிப்ரவரி 24

வாயாடிக்கு,

ஆள் வந்து போய்விட்டார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணி. வெளியே வெயில் கொளுத்துகிறது, மனிதர் கையில் குடை. எனவே அவருக்குக் குடைக்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன். நீ சொன்னதற்கு மேலேயே செய்திருந்தேன். படுக்கையைக் கசக்கினேன். உன் நீலச் சட்டையைக் கதவில் மாட்டினேன். துண்டை நனைத்து நாற்காலியில் போட்டேன். நீ விட்டுப் போன பழைய மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, குளிக்கப் போகும்போது கழற்றி வைத்த மாதிரி மேஜை மேல் வைத்தேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

எல்லாம் சரி, உன் அண்ணனை என்ன செய்வது? "குளிச்சிட்டிருக்கா" என்று சொல்ல மூன்று தடவை பழக்கியிருந்தேன். குடைக்காரர், "தங்கச்சி எங்க?" என்றதும் இவர், "எந்தத் தங்கச்சி?" என்றார். இருப்பதே ஒரு தங்கச்சி. பிறகு சுதாரித்துக்கொண்டு, "குளிக்கப் போயிருக்கா சார்" என்று சமையலறையைக் காட்டினார். அப்புறம் ரொட்டி வேன் காத்திருக்கிறது என்று ஓடியே போய்விட்டார்.

அதற்கு மேல் நான்தான் சமாளித்தேன். குடைக்காரரின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. கண்ணாடிக் கடையில் ஒன்பது வருஷம் இருந்த கை சும்மா இருக்குமா? வாங்கி இரண்டு பக்கமும் திருகை முறுக்கி, காதுக்குப் பின்னால் லேசாக வளைத்துக் கொடுத்தேன். மனிதருக்கு வாயெல்லாம் பல். எங்கே வேலை, என்ன படிப்பு என்று கேட்டார். பள்ளியோடு நிறுத்தியாயிற்று என்றேன். இந்த வருஷத்திலிருந்து நீ படித்த அதே திட்டத்தை முப்பது தாண்டியவர்களுக்கும் திறந்திருக்கிறார்களாம். இங்கே கல்லூரியில் கண் பரிசோதனைப் படிப்பு இரண்டு வருஷம், படித்த பிறகு இரண்டு வருஷம் இங்கேயே வேலை. முப்பத்தைந்து வயது முடியாதவர்கள் விண்ணப்பம் போடலாமாம். ஆனால் ஒரு வீட்டுக்கு ஒருவர்தான், முதல் ஆள் கணக்கு முடிந்த பிறகுதான் அடுத்தவர் என்றார். எழுந்து போகும்போது குளியலறைப் பக்கம் பார்த்து, "தண்ணி ரொம்ப நேரமா வீணாகுதும்மா, மூடச் சொல்லுங்க" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

காதில் விழுந்ததைச் சும்மா எழுதினேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

&nbsp;

மார்ச் 6

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை நர்ஸுகளுக்கு வாசித்துக் காட்டினேன். 'எந்தத் தங்கச்சி' வந்ததும் ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. நீங்கள் மட்டும் இல்லையென்றால் என் கதி அதோகதி.

இங்கே தலைக்கு மேல் வேலை. இருப்பது ஒரே மெஷின், அதுவும் சூடானால் இருபது நிமிஷம் ஓய்வு கேட்கும். நேற்று ஒரு பெரியவரை மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தால் மெஷின் நின்றுவிட்டது. சரிசெய்துவிட்டுப் பார்த்தால் மனிதர் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "நீ விடச் சொல்லலையேம்மா" என்கிறார்.

நான்கு வருஷம் முடிந்ததும் தலைநகரில் ஸ்கேன் மையத்தில் சேரப் போகிறேன். இப்போதே அங்கே ஒரு டாக்டரிடம் பேசி வைத்திருக்கிறேன். இன்னும் ஒரு வருஷம், பத்து மாதம். குடைக்காரர் இன்னும் ஒரே ஒரு தடவை வருவார், அவ்வளவுதான். துண்டை நனைக்க மறந்துவிடாதீர்கள்.

உங்கள் நாத்தனார்

&nbsp;

மார்ச் 19

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஏதாவது விட்டுவிட்டேனோ என்று பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். என் கடிதத்தில் சிரிக்க வேண்டிய இடம் வரை படித்துவிட்டு மீதியை விட்டுவிட்டாய் போலிருக்கிறது. தப்பு என் மேல்தான். கேட்க வேண்டியதைக் கேட்காமல் சும்மா என்று எழுதினேன்.

சும்மா இல்லை. எனக்கு அந்தப் படிப்பு வேண்டும். வரும் டிசம்பரில் முப்பத்தைந்து முடிகிறது. அடுத்த வருஷம் போனால் விண்ணப்பத்தையே கையில் வாங்க மாட்டார்கள். கடைசித் தேதி மே 31.

விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டேன். ஏழாவது கேள்வி, வீட்டில் வசிப்பவர்கள் யார் யார், ஒவ்வொருவர் பெயரும் எழுது என்கிறது. அதன் கீழே இதெல்லாம் உண்மை என்று கையெழுத்து. உன் பெயரை எழுதினால் ஒரு வீட்டுக்கு ஒருவர் என்று என்னைத் தள்ளிவிடுவார்கள். எழுதாவிட்டால் நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்பார்கள்.

அலுவலகத்துக்குப் போய் யாரோ ஒருத்திக்காகக் கேட்பது போல் கேட்டேன். அவர்களே கண்டுபிடித்தால் கடன். நாமாகப் போய்ச் சொன்னால் கடன் கிடையாது, ஆனால் வருஷங்களை முதல் நாளிலிருந்து மறுபடி எண்ணுவார்கள். உனக்கு இரண்டு வருஷம் வீணாகப் போகும் என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். யோசித்து எழுது.

அண்ணி

&nbsp;

ஏப்ரல் 2

அண்ணிக்கு,

யோசித்தேன். ஆத்திரத்தில் ஒரு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது இரண்டாவது.

முதல் நாளிலிருந்து என்று நீங்கள் சுலபமாக எழுதிவிட்டீர்கள். எழுநூற்றுச் சொச்சம் நாள் அந்த இருட்டு அறைக்குள் ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு நின்றது நான். தலைநகர் டாக்டர் நான்கு வருஷம் காத்திருக்க மாட்டார். நீங்களும் அண்ணனும் சரி என்று சொல்லித்தானே விலாசம் கொடுத்தேன்? இப்போது பாதி வழியில் இறங்கு என்றால் எப்படி?

ஒரு வழி இருக்கிறது. உங்கள் அக்கா வீடு அதே ஊர்தானே? நீங்கள் அங்கே வசிப்பதாக எழுதிவிடுங்கள். என் கணக்குக்கும் பங்கமில்லை, உங்களுக்கும் இடம் கிடைக்கும்.

இதைச் சொல்வதற்காகக் கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வயதில் உங்களுக்குப் படிப்பு அவசியமா? கடையில் உங்கள் கை படாமல் ஒரு கண்ணாடி வெளியே போகாது. முதலாளியே உங்களைக் கேட்டுத்தான் எதுவும் செய்கிறார். சான்றிதழ் வந்தால் மட்டும் என்ன மாறிவிடப் போகிறது?

நாத்தனார்

&nbsp;

ஏப்ரல் 14

நாத்தனாருக்கு,

என்ன மாறும் என்று கேட்டாய். சொல்கிறேன்.

போன மாதம் ஒரு பஸ் டிரைவர் வந்தார். புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து தலைவலி, படி இறங்கினால் தரை சாய்கிறது என்றார். லென்ஸைப் பவர் அளக்கும் மீட்டரில் வைத்துப் பார்த்தேன், டாக்டர் சீட்டில் எழுதியிருந்தபடியே இருந்தது. அப்படியானால் சீட்டே தப்பு. வலது கண்ணுக்கு எழுதிய லென்ஸ் கோணம் அவருடைய பழைய கண்ணாடிக்கு நேர் எதிர். வாரத்துக்கு இரண்டு நாள் வரும் கண் டாக்டரிடம் மெதுவாகச் சொன்னேன். டிரைவர் முன்னாலேயே, "நீ திருகு முறுக்குற வேலையைப் பாரு. டாக்டரா ஆயிட்டியா?" என்றார். அந்த மனிதர் அதே கண்ணாடியோடு பஸ் ஓட்டப் போனார். பத்து நாள் கழித்து வேறு கடையில் பரிசோதித்துவிட்டு வந்து, நான் சொன்னதுதான் சரி என்றார். எனக்குச் சந்தோஷமாக இல்லை. அந்தப் பத்து நாளும் பஸ்ஸில் போனவர்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.

படித்தால் என் கையால் பரிசோதித்து என் பெயர் போட்டுச் சீட்டு எழுதலாம். அதுதான் மாறும்.

அக்கா வீட்டு யோசனைக்கு நன்றி. ஒரு பொய்க்கு இரண்டு வருஷம் துணி துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். வீட்டில் இல்லாத ஆளுக்குப் படுக்கை விரிக்கிறேன், இருக்கிற ஆளுக்கு இந்த வீட்டில் ஒரு மேஜை கிடையாது. இன்னொரு பொய்யை என்னால் சுமக்க முடியாது. இந்த வயதில் எதற்கு என்று கேட்டதை நான் மறக்கப் போவதில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணி

&nbsp;

மே 12

நாத்தனாருக்கு,

நான்கு வாரமாகப் பதில் இல்லை. ஆனால் உன் அண்ணனுக்குப் போன் செய்து அழுதிருக்கிறாய். அவர் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார். மூன்றாம் நாள், "அவ வாழ்க்கையில மண்ணள்ளிப் போடப் போறியா?" என்றார். நான் விண்ணப்பத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஏழாவது கேள்வியில் இரண்டே பெயர், அவருடையது ஒன்று, என்னுடையது ஒன்று. நெடுநேரம் பார்த்தார். "இது உண்மைதானே" என்றார். பிறகு, "பொய் சொல்லத் தெரியாதவனப் பிடிச்சு ரெண்டு வருஷம் பொய் சொல்ல வெச்சீங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு வேனைக் கழுவப் போய்விட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

ஆமாம், எழுதிவிட்டேன். இதை மே 28 காலையில் கொடுக்கப் போகிறேன். உனக்குத் தெரியாமல் செய்யவில்லை. இன்றிலிருந்து பதினாறு நாள் இருக்கிறது. அதற்குள் நீயாகப் போய்ச் சொன்னால் வருஷம்தான் போகும், கடனாகாது. நான் கொடுத்த பிறகு என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

உன்னை எனக்குப் பிடிக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டில் என்னோடு முதலில் பேசியது நீதான். அதற்காக இதை விட்டுக் கொடுக்கலாமா என்று பலமுறை கேட்டுப் பார்த்துக்கொண்டேன். விட்டுக் கொடுக்க முடியவில்லை. மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

அண்ணி

&nbsp;

ஜூன் 8

அண்ணிக்கு,

மே 26 அன்று போய்ச் சொல்லிவிட்டேன். அதற்கு முந்தைய பதினான்கு நாளும் உங்களைத் திட்டித் தீர்த்தேன். நர்ஸுகளுக்கு உங்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் எதுவும் மிச்சமில்லை.

அலுவலகத்தில் என்னை ஒரு மேஜைக்கு அனுப்பினார்கள். போனால் அங்கே குடைக்காரர். நான் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதைச் சொல்லி முடிக்கும் வரை தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தெரியும்மா" என்றார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. எப்படி என்றேன். "குளிக்கப் போறவங்க கழட்டி வெச்ச கண்ணாடியில ஒரு விரல் ரேகையாச்சும் இருக்கும். அந்தக் கண்ணாடி ஷோரூம்ல இருக்கிற மாதிரி பளபளன்னு இருந்துச்சு. உங்க அண்ணி துடைக்காம வெக்க மாட்டாங்க போல" என்றார். அப்படியானால் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "எழுதியிருந்தா உங்களுக்குக் கடன், அவங்களுக்கு ஒரு லாபமும் இல்ல. அதான் திட்டத்தப் பத்திச் சொல்லிட்டு வந்தேன். மிச்சத்த வீட்டுக்குள்ளயே பேசிக்குவீங்கன்னு நெனச்சேன்" என்றார். சாதாரண மனிதர் என்று நாம் இருவரும் நினைத்தோமே!

கடன் இல்லை. இரண்டு வருஷம் போயே போய்விட்டது. ஜூலை முதல் தேதியிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். தலைநகர் டாக்டரிடம் சொன்னேன், வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அன்று எக்ஸ்ரே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு மேலே ஒரு அறை பார்த்திருக்கிறேன். காலை ஐந்தரைக்கு மெஷின் ஓட ஆரம்பித்தால் கட்டில் தானாக நகர்கிறது. ஈரச்சுவர் இல்லை, அதுவரை பரவாயில்லை.

நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் இந்த வயதில் எதற்கு என்று கேட்டது அசிங்கமான கேள்வி. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன், மற்றதற்கு இல்லை.

நேற்று நாள்காட்டியை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். உங்களுக்கு இடம் கிடைத்தால் ஜூலையில் தொடங்கும் படிப்பு இரண்டு வருஷம், அப்புறம் வேலை இரண்டு வருஷம். எனக்கு நான்கு வருஷம். இரண்டு பேருக்கும் ஒரே மாதத்தில் முடிகிறது. எண்ணி முடித்ததும் எரிச்சலாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பும் வந்தது. நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்களா?

நாத்தனார்

&nbsp;

ஜூன் 29

வாயாடிக்கு,

இடம் கிடைத்துவிட்டது. உன் அண்ணன் வேனில் மீந்த ரொட்டியை எல்லாம் தெருவுக்கே கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். பொய் சொல்லத்தான் தெரியாது, உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியவில்லை.

அந்தக் கண்ணாடி விஷயத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். துடைக்காமல் கண்ணாடியைக் கீழே வைக்க இந்தக் கைக்குத் தெரியாது. உன் கோபம் நியாயமானது. இருக்கும் வரை இருக்கட்டும். நீ அழுததை எழுதிய இடத்தில் எனக்கும் அழுகை வந்தது, ஆனால் செய்ததை மாற்றிச் செய்திருப்பேன் என்று சொல்ல மாட்டேன்.

நேர்முகம் 20ஆம் தேதி நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் இந்தப் படிப்பு, கடையில் என்ன செய்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். பஸ் டிரைவர் கதையைச் சொன்னேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் நடுவில் இருந்த அம்மா, "படிச்சு முடிச்ச பிறகு இந்த ஊர்லயே இருப்பீங்களா?" என்று கேட்டார்.

அதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. நான் எங்கே போகப் போகிறேன் என்று உன் அண்ணனிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் கேட்டதும் அந்தப் பதில் வாயில் வரவில்லை. இந்த ஊருக்கு வந்து பதிமூன்று வருஷமாகிறது. கல்யாணத்தில் பெட்டியோடு கூட்டி வந்தார்கள். இருப்பாயா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த அம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. வேறு எங்கே இருக்கலாம் என்று முதல் தடவையாக யோசித்துப் பார்த்தேன். உன் தலைநகரைக்கூட யோசித்தேன். கடையை, தெருவை, உன் அண்ணனை யோசித்தேன். மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இருப்பேன்" என்றேன். அதை எழுதிய காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்கள், கையெழுத்துப் போட்டேன்.

அண்ணி